காசு வேண்டும், கருத்து வேண்டாமா?

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல யாருக்கு யோக்கியதை உண்டு?

படம் எடுத்தவரைக் கேட்டால், "படம் எடுக்கத் தெரிந்தவனுக்கு" என்பார். விமரிசகரைக் கேட்டால், "பத்து தேசத்துப் படங்களைப் பார்த்தவனுக்கு" என்பார். ரசிகர் மன்றத்துத் தம்பியைக் கேட்டால், "எங்கள் அண்ணன் படங்களையெல்லாம் முதல் நாள் முதல் காட்சியில் பார்த்தவனுக்கு" என்று மார் தட்டுவார். மூன்று பதில்களிலும் ஓர் ஆசாமி விட்டுப் போகிறார். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, கோடை விடுமுறையில் பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் ஒன்றோ இரண்டோ என்று வருஷத்துக்கு நாலு தடவை கொட்டகைக்குப் போகிற மனிதர். அவர் யாருக்கும் ரசிகர் அல்ல. யாருக்கும் விரோதியும் அல்ல. மூன்று மணி நேரம் நிழலில் உட்கார்ந்து ஒரு கதையைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் சிரிக்க வேண்டும், கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும், வீடு திரும்ப வேண்டும். இதைத் தவிர அவருக்கு வேறு கோரிக்கை கிடையாது. அவருக்காக நான் போடுகிற வக்காலத்துத்தான் இந்தக் கட்டுரை.

அப்படிப்பட்டவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். எனக்குப் பழக்கமானவர் தொப்பம்பட்டியில் இருக்கிறார். திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு வடக்கே, தாராபுரம் பக்கம் இருக்கிற ஊர். மக்காச்சோளமும் முருங்கையும் விளைகிற வானம் பார்த்த சீமை. காய்கறி விளைந்தால் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றி அனுப்புவார்கள். படம் பார்க்க வேண்டுமென்றால் பழனிக்கு பஸ் ஏறுவார்கள். நம்முடைய மனிதர் ஒரு சின்ன விவசாயி. மனைவி, மகள், விடுமுறைக்கு வந்த இரண்டு பேரப் பிள்ளைகள் ஆக ஐந்து பேர் கிளம்பினால் அது ஒரு யாத்திரைதான். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-இல் அரசாங்கம் செய்தது அந்த வீட்டுக்கு நல்ல ஒத்தாசையாக வந்து சேர்ந்தது. பஸ்ஸில் பெண்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. படத்தில் கிடைத்ததா என்பதைப் பிறகு பார்ப்போம்.

இந்த மனிதருக்கு வாய் இருக்கக் கூடாது என்று சமீப காலத்தில் ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. 2024 நவம்பர் 14-ஆம் தேதி 'கங்குவா' என்ற படம் வந்தது. வருஷக்கணக்காக முரசு கொட்டிக்கொண்டு வந்த படம். முதல் காட்சி முடிந்து வெளியே வந்தவர்கள் கதையைப் பற்றிப் பேசவில்லை, காதைப் பொத்திக்கொண்டு, "ஒரே சத்தம்!" என்றார்கள். பிறகு சத்தத்தைக் குறைத்து வைக்கும்படி தயாரிப்பாளரே கொட்டகைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. கவனியுங்கள்: ஜனங்கள் வாயைத் திறந்தார்கள், படத்துக்கு ஒரு நன்மை விளைந்தது. ஆனால் தயாரிப்பாளர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடமோ நேர்மாறானது. கொட்டகை வாசலில் காமிராவோடு நின்று, படம் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்கிறவர்களை உள்ளே விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமரிசனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் படியும் ஏறினார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. விமரிசனம் என்பது கருத்துரிமை அல்லவா?

திண்டுக்கல் பூட்டு உலகப் பிரசித்தம். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. ஆனால் மனிதர் வாய்க்கு மூன்று நாள் பூட்டுப் போடும் வித்தையைத் திண்டுக்கல் ஆசாரிகள்கூடக் கண்டுபிடித்ததில்லை!

விமரிசனம் என்ற பெயரில் அவதூறு செய்கிறவர்கள் உண்டு என்கிறார்கள். உண்டுதான். கூலிக்கு வைகிறவர் இருக்கிறார். கூலிக்குப் புகழ்கிறவரும் இருக்கிறார். அந்த மூன்று நாட்களில் 'இமாலய வெற்றி' என்று வருகிற விளம்பரங்களுக்கும் சேர்த்துப் பூட்டுப் போடச் சம்மதிப்பார்களா? இன்னொன்றும் கேட்கிறேன். தொப்பம்பட்டிக்காரர் மூன்று மாதம் தண்ணீர் பாய்ச்சி, மருந்தடித்து, கண் விழித்து விளைவித்த தக்காளியை மண்டியில் ஒரு நிமிஷம் புரட்டிப் பார்த்து விலை சொல்லிவிடுகிறார்கள். "நான் மூன்று மாதம் பாடுபட்டிருக்கிறேன், மூன்று நாள் கழித்து அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்று அவர் கேட்க முடியுமா? கேட்டால் தக்காளி அழுகிவிடும். தம்முடைய உழைப்பின் மேல் உலகம் உடனுக்குடன் தீர்ப்புச் சொல்வதை வாழ்நாள் முழுவதும் தாங்கிக்கொண்டிருக்கிற மனிதர் அவர். அவரிடம் காசு வாங்கிக்கொண்டு, "உன் தீர்ப்பு மட்டும் வேண்டாம்" என்று சொல்வது என்ன நியாயம்?

சரி, அவர் என்னதான் சொல்கிறார்? 2025-ஆம் ஆண்டின் கோடையை எடுத்துக்கொள்வோம். பங்குனி மாதத்தில் தொடங்கி வைகாசி வரையில் படங்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஏப்ரல் 10-ஆம் தேதி அஜித்குமாரின் 'குட் பேட் அக்லி' வந்தது. ஆதிக் ரவிச்சந்திரன் இயக்கியது. மனைவி சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சிறைக்குப் போன ஒரு தாதா, மகனுக்கு ஆபத்து என்றதும் பழைய அவதாரம் எடுக்கிறார் என்பது கதை. இதிலே குற்றம் ஒன்றுமில்லை. மகனைக் காப்பாற்றத் தகப்பன் கிளம்புவது ராமாயண பாரத காலத்திலிருந்து நம் மனசைத் தொடுகிற விஷயந்தான். ஆனால் அந்தக் கதை நூல் இழை மாதிரி மெல்லியது. அதில் கோத்திருப்பதெல்லாம் அஜித்தின் பழைய படங்களின் ஞாபகங்கள். இந்தச் சட்டை அந்தப் படத்துச் சட்டை. இந்த வசனம் அந்தப் படத்து வசனம். இந்த நடை இன்னொரு படத்து நடை. பாட்டும் பழைய பாட்டு. தம் பாட்டுகளை அனுமதியில்லாமல் எடுத்தாண்டுவிட்டார்கள் என்று இளையராஜா வழக்குத் தொடுத்து, 2025 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கும் வரை அந்த விவகாரம் போயிற்று.

தொப்பம்பட்டிக்காரரிடம் படம் எப்படி என்று கேட்டேன்.

"ஏனுங்க, படம் பாக்கறதுக்கு முன்னாடி ஏதாச்சும் பரீட்சை எழுதிட்டுப் போகோணுங்களா?" என்றார்.

"ஏன் அப்படிக் கேட்கிறீர்கள்?"

"சுத்தி இருக்கற பசங்க அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு நின்னு கத்தறாங்க. என்னத்துக்குக் கண்ணு கத்தறேன்னு பக்கத்துல இருந்த பையனைக் கேட்டனுங்க. 'தாத்தா, அது பழைய படத்துல வந்ததுங்க தாத்தா'ங்கறான். அந்தப் படம் நான் பாக்கலீங்களே! வேத்து ஊர்க் கல்யாணத்துல பந்தியிலே உக்காந்த மாதிரி ஆயிப்போச்சுங்க. சோறெல்லாம் போட்டாங்க. ஆனா யாருன்னு ஒருத்தருங் கேக்கலே."

இதைவிடக் கச்சிதமான விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

நானும் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறவன். தொடர்கதைக்கு ஒரு தர்மம் உண்டு. பதினாறாம் அத்தியாயத்தில்கூட, முதல் பதினைந்தைப் படிக்காத ஒரு புது வாசகர் ரயிலிலோ பல் வைத்தியர் வீட்டுத் திண்ணையிலோ அந்த இதழைப் பிரிக்கக்கூடும். அவருக்காகத்தான் 'முன்கதைச் சுருக்கம்' என்று நாலு வரி போடுகிறோம். அந்த நாலு வரி ஒரு மரியாதை. "ஐயா, நீங்கள் தாமதமாக வந்தீர்கள், பரவாயில்லை, உட்காருங்கள்" என்று சொல்வது. 'குட் பேட் அக்லி' அஜித்தின் 63-ஆவது படம். அதற்கு முன்கதைச் சுருக்கம் எழுதுவதென்றால் அறுபத்திரண்டு படங்களுக்கு எழுத வேண்டும்!

முன்கதை வேண்டியிருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மார்ச் 27-ஆம் தேதி விக்ரம் நடித்த 'வீர தீர சூரன்' வந்தது. வந்தது இரண்டாம் பாகம். முதல் பாகம் அதற்கு முன் வரவேயில்லை. வேடிக்கைதான். இருந்தாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அருண்குமார் இயக்கிய அந்தப் படத்தில், திருவிழா நடக்கிற ஓர் இரவில் ஒரு மளிகைக் கடைக்காரன் பழைய வம்பில் மீண்டும் மாட்டிக்கொள்கிறான். அவனுடைய பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் முன்கதை தெரியாதவனையும் பிடித்துக்கொள்கிறது. பிறத்தியானுக்குப் புரியும்படி கதை சொல்வது பெரிய வித்தை இல்லை. அவனும் மனிதன் என்ற ஞாபகம் இருந்தால் போதும்.

இதற்கு எதிரிலே முந்திய வருஷத்து விஷயம் ஒன்றை வைத்துப் பாருங்கள். 2024 கோடையில் பெரிய நடிகர்களின் புதுப் படங்கள் அநேகமாக வரவில்லை. பாராளுமன்றத் தேர்தல் நேரம். கொட்டகைகள் ஈயோட்டிக்கொண்டிருந்தன. அப்போது ஏப்ரல் 20-ஆம் தேதி, 2004-இல் வந்த 'கில்லி'யைத் தூசி தட்டி மறுபடி வெளியிட்டார்கள். கூட்டம் பிய்த்துக்கொண்டு போயிற்று. விஜய் ரசிகர்கள் ஆடினார்கள், உண்மைதான். ஆனால் தரணி இயக்கிய அந்தப் படத்தைப் பார்க்க விஜய்யின் ஜாதகம் தெரிய வேண்டியதில்லை. கபடி ஆட மதுரைக்குப் போன பையன், கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்து ஓடுகிற பெண்ணைக் காப்பாற்றிக் கூட்டி வருகிறான்; வில்லன் துரத்துகிறான். மூன்று வாக்கியம், அவ்வளவுதான். எட்டு வயதுப் பேரனுக்கும் புரியும், அறுபது வயதுப் பாட்டிக்கும் புரியும்.

அதே 2024-இன் தொடக்கத்தில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் தமிழ்நாடெங்கும் சக்கைப் போடு போட்டதையும் மறந்துவிடக் கூடாது. 2006-இல் நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானலில், குணா குகையில் நடந்த உண்மைச் சம்பவம். குழியில் விழுந்த நண்பனை விட்டுவிட்டுப் போக மறுத்த பையன்களின் கதை. தொப்பம்பட்டிக்காரர் பழனிக்குப் போகும்போதெல்லாம் தலையை நிமிர்த்திப் பார்க்கிற மலை அது. அந்த மலையின் வயிற்றுக்குள் இப்படி ஒரு கதை கிடக்கிறது என்று கொச்சிக்காரர்கள் வந்து நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நம்மவர்கள் அந்த நேரத்தில் தாதாக்களுக்குத் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோடைக்குப் படம் வெளியிடுவது நம் நாட்டில் புதிய சம்பிரதாயம் அல்ல. கல்கியின் 'தியாகபூமி' 1939 மே மாதத்தில் வந்தது. பிற்பாடு ஆங்கில அரசாங்கம் அதைத் தடை செய்தது. எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' 1948 ஏப்ரலில் வந்தது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959 மே. எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973 மே. இவற்றில் கடைசிப் படத்தை விசேஷமாகச் சொல்கிறேன். அது அப்பட்டமான நட்சத்திரப் படம், ரசிகர்களின் படம். ஆனால் எம்.ஜி.ஆரைப் பிடிக்காதவன்கூட, ஜப்பானில் ஒஸாகா நகரத்தில் நடந்த 1970-ஆம் வருஷத்துக் கண்காட்சியைத் திரையிலே பார்த்து வாயைப் பிளந்தான். நட்சத்திரம் தன் ரசிகனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரனுக்கும் ஒரு வணக்கம் வைத்த காலம் அது. நட்சத்திரத்தை ஒழிக்க வேண்டும் என்பதல்ல என் கட்சி. அந்த இரண்டாவது வணக்கம் எங்கே போயிற்று என்பதே என் கேள்வி.

மே 1-ஆம் தேதி ஒரு நல்ல பரீட்சை நடந்தது. ஒரே நாளில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று சூர்யா நடித்து, கார்த்திக் சுப்பராஜ் இயக்கிய 'ரெட்ரோ'. இன்னொன்று சசிகுமாரும் சிம்ரனும் நடித்து, அபிஷன் ஜீவிந்த் என்ற புது இளைஞர் இயக்கிய 'டூரிஸ்ட் ஃபேமிலி'.

'ரெட்ரோ'வில் ஓர் அருமையான விதை இருந்தது. சிரிக்கவே தெரியாத ஒரு மனிதன்! அவன் காதலுக்காக வன்முறையை விட்டு, சிரிக்கப் பழக வேண்டும். ஒரு நாவலாசிரியனுக்கு இந்த ஒரு வரி கிடைத்தால் முந்நூறு பக்கம் எழுதலாம். முதல் பாதியில் ஒரு கல்யாண வீட்டுக் காட்சி வருகிறது. பாட்டும் சண்டையும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக ஓடுகின்றன. பேஷ்! ஆனால் இடைவேளைக்குப் பிறகு கதை அந்தமான் பக்கத்துத் தீவுக்குக் கப்பலேறிவிடுகிறது. அங்கே மனிதர்களை மோதவிட்டு வேடிக்கை பார்க்கிற கூட்டம், அடிமைப்பட்ட ஜனங்கள், அவர்களை மீட்க வருகிற அவதார புருஷன் என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகிறது. சிரிக்கத் தெரியாத மனிதனைப் பார்க்க வந்த நம்மவர், அவனைத் தீவிலே தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யின் கதையைத் தொப்பம்பட்டியில் யாரும் யாருக்கும் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் பிழைக்க வழியில்லாமல் ஒரு தமிழ்க் குடும்பம், தகப்பன், தாய், இரண்டு மகன்கள், தோணியில் கடல் தாண்டி ராமேசுவரம் வந்து, பிறகு சென்னையில் ஒரு தெருவில் குடியேறுகிறது. தாங்கள் யார் என்று வெளியே தெரியக் கூடாது. பேசினால் பாஷை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மனிதர் பேசாமல் இருக்க முடியுமா? அண்டை வீட்டில் ஒரு சாவு விழுந்தால் சும்மா இருக்க முடியுமா? கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தெருவே அவர்களுடையதாகிவிடுகிறது.

குறை உண்டு. அந்தத் தெருவில் வெல்லப் பாகு கொஞ்சம் அதிகமாகவே ஓடுகிறது. இத்தனை நல்லவர்கள் ஒரே தெருவில் குடியிருந்தால் வீட்டு வாடகை எக்கச்சக்கமாக ஏறிவிடும்! 1983 முதல் இங்கே வந்து சேர்ந்த ஈழத்து அகதிகளின் முகாம் வாழ்க்கை அவ்வளவு இனிப்பானதல்ல என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் படம் ஒரு காரியம் செய்தது. இலங்கையைப் பார்த்திராத, எந்தக் கட்சியும் சாராத, அரசியலே வேண்டாம் என்கிற ஒரு விவசாயி, கடல் தாண்டி வந்த ஒரு குடும்பத்துக்காக இரண்டு மணி நேரம் பயந்தார். "புடிச்சிருவாங்களோன்னு அடிவயிறு கலங்கிப்போச்சுங்க" என்றார். நூறு மேடைப் பேச்சு செய்ய முடியாததை ஒரு கதை செய்துவிட்டது. சினிமா என்ற சாதனம் இருப்பதே இதற்குத்தானே? முன்பின் தெரியாதவனைச் சொந்தக்காரனாக்குவதற்கு. படத்தின் கதையும் அதுதான், பார்க்க வந்தவருக்கு நேர்ந்ததும் அதுதான்.

மே 16-ஆம் தேதி மறுபடியும் இரட்டைப் பரீட்சை. ஒன்று, சூரி கதாநாயகனாக நடித்த 'மாமன்'. அக்காள் மகன் மேல் மாமனுக்கு உயிர். அந்தப் பாசத்தின் நடுவே புதிதாக வந்த மனைவிக்கு இடம் எங்கே என்பது கதை. அழுகை கொஞ்சம் கொட்டிக் கவிழ்த்துவிட்டார்கள். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் உண்மையாகவே நடக்கிற தகராறு அது. 'மாமன்' என்ற உறவு முறையை, அதன் சீர் செனத்தியை, காது குத்தை, மன வருத்தத்தை வெளியூர்க்காரருக்கு விளக்க வேண்டும், நமக்கு வேண்டாம். இந்தப் படம் ஜெயிக்க வேண்டும் என்று மதுரையில் சில ரசிகர்கள் மண்சோறு சாப்பிட்டார்கள். சூரி அதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை; இது முட்டாள்தனம் என்று கண்டித்தார். அந்தக் கண்டிப்புக்காகவே அவருக்கு ஒரு மாலை போடலாம்.

அன்றே வந்த இன்னொரு படம் சந்தானம் நடித்த 'டிடி நெக்ஸ்ட் லெவல்'. அதிலே கதாநாயகன் யார் தெரியுமா? ஒரு சினிமா விமரிசகன்! வில்லன் யார் தெரியுமா? விமரிசகர்களைக் கொல்லுகிற ஒரு பேய்! விமரிசகனைப் படத்துக்குள்ளேயே இழுத்துப் போட்டு வதைக்கிறார்கள். தமாஷ் படந்தான், நானும் சிரித்தேன். ஆனால் விமரிசனத்துக்குத் தடை கேட்டு வழக்குப் போட்டவர்களின் மனசிலே என்ன கனவு ஓடுகிறது என்பதை அந்தப் பேய் ஒளிவு மறைவில்லாமல் காட்டிக்கொடுத்துவிட்டது.

கடைசியாக ஜூன் 5-ஆம் தேதி 'தக் லைஃப்'. 1987-இல் 'நாயகன்' எடுத்த மணிரத்னமும் கமல் ஹாஸனும் முப்பத்தெட்டு வருஷம் கழித்து மறுபடி சேர்ந்தார்கள் என்றால் எதிர்பார்ப்புக்குக் கேட்க வேண்டுமா? ஒரு தாதா, துப்பாக்கிச் சண்டையில் தகப்பனை இழந்த பையனை எடுத்து வளர்க்கிறார், வளர்ந்தவன் பகைவனாகிறான், பனிமலையில் சாகவிட்டு வந்த கிழவர் பிழைத்துத் திரும்பிப் பழி வாங்குகிறார். படம் பார்க்க அழகுதான். ஆனால் இவர் ஏன் தாதா, எதற்காக இத்தனை கொலை, இவர் போனால் யாருக்கு நஷ்டம் என்று ஒருவரும் சொல்லவில்லை. 'நாயகன்' படத்து வேலு நாயக்கரும் தாதாதான். ஆனால் அவரைச் சுற்றி ஒரு சேரி இருந்தது, பசித்த ஜனங்கள் இருந்தார்கள், கேள்வி கேட்க ஒரு மகள் இருந்தாள், கடைசியில் ஒரு பேரன் இருந்தான். 'தக் லைஃப்' தாதாவைச் சுற்றி இருப்பது காமிரா மட்டுந்தான். வெளியீட்டு விழாவில் மேடையில் பாடி ஊரெல்லாம் பேசிய ஒரு பாட்டுகூடப் படத்தில் இல்லை!

இப்போது பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'குட் பேட் அக்லி'யிலும் த்ரிஷாதான். 'தக் லைஃப்'பிலும் த்ரிஷாதான். முன்னதில் கணவன் திருந்த வேண்டுமென்று காத்திருக்கிறார். பின்னதில் ஆசைநாயகி. அங்கே மனைவியாக வருகிற அபிராமிக்கும் காத்திருப்பதுதான் உத்தியோகம். இருபது வருஷத்துக்கு முன்னால் 'கில்லி'யில் இதே த்ரிஷா பயந்துகொண்டே ஓடினாள். ஆனால் அந்த ஓட்டம் இல்லாவிட்டால் கதையே இல்லை. கதையைக் கிளப்பிவிட்டவளே அவள்தான். தொப்பம்பட்டி அம்மாள் இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்: "அந்தப் புள்ளைக்கு ஏனுங்க ஒரு வேலையுங் குடுக்கமாட்டீங்கறாங்க?" ஐந்து டிக்கெட்டில் மூன்று டிக்கெட் பெண்களுடையது என்பதைப் படமுதலாளிகள் எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்களோ!

'தக் லைஃப்' விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. கன்னட மொழி பற்றிக் கமல் சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கர்நாடகத்தில் அந்தப் படத்தைத் திரையிட விடவில்லை. தணிக்கையான படத்தைக் கும்பல் மிரட்டித் தடுக்கக் கூடாது என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நான் அந்தத் தீர்ப்புக்குக் கை தட்டுகிறேன். படம் பிடிக்கவில்லை என்று ஆயிரம் சொல்லலாம். பார்க்கவே விடமாட்டேன் என்று சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது. அதே மூச்சில் தயாரிப்பாளர்களுக்கும் சொல்கிறேன். படத்தை ஓடவிடாதே என்கிறவனும், படத்தைப் பற்றிப் பேசவிடாதே என்கிறவனும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். முதலாமவனிடமிருந்து தப்பிக்கக் கருத்துரிமை வேண்டும் என்கிறவர்கள், இரண்டாமவனாக மாறுவது அழகல்ல.

"அதெல்லாம் இருக்கட்டும் ஐயா, நீர் குறை சொன்ன 'குட் பேட் அக்லி'க்குக் கூட்டம் அலைமோதியதே! ரசிகன்தான் தொழிலைத் தாங்குகிறான்" என்று ஒருவர் கேட்கலாம். கூட்டம் வந்தது வாஸ்தவம். படம் வருவதற்கு முன்பே திருநெல்வேலியில் ஒரு கொட்டகை வாசலில் அஜித்துக்கு 250 அடிக்கு மேல் உயரத்தில் ஓர் உருவம் எழுப்பினார்கள்; அது சரிந்து விழுந்தது. தெய்வாதீனமாக யாருக்கும் காயமில்லை. முதல் மூன்று நாள் கொட்டகையை நிரப்புகிறவன் ரசிகன். நான் மறுக்கவில்லை. ஆனால் நாலாவது நாளிலிருந்து கொட்டகையைக் காப்பாற்றுகிறவர் யார்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாவகாசமாக வருகிறாரே, அந்தத் தொப்பம்பட்டிக்காரர்தான். ரசிகனுடைய உற்சாகம் வாண வேடிக்கை மாதிரி. நம்மவருடைய வரவு அகல் விளக்கு மாதிரி. வாணத்தை வைத்துக்கொண்டு யாரும் ராத்திரி முழுவதும் வெளிச்சம் காண முடியாது.

அந்த விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு அடையாளங்கள் இருக்கின்றன. மதுரையில் 'தங்கம்' தியேட்டர், 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த பிரம்மாண்டமான கொட்டகை. அது நின்ற இடத்தில் ஜவுளிக்கடை வந்துவிட்டது. சென்னை அசோக் நகரில் 'உதயம்' தியேட்டர் 2024-இல் மூடப்பட்டது. படங்களோ கொட்டகையை விட்டு ஓடத் துடிக்கின்றன. எட்டு வாரம் கழித்துத்தான் வீட்டுத் திரைக்கு வரும் என்று பெருமையாகச் சொன்ன 'தக் லைஃப்' நாலே வாரத்தில், ஜூலை 3-ஆம் தேதி, நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது.

"போனால் போகட்டும், வீட்டிலேயே பார்க்கலாமே" என்பீர்கள். பார்க்கலாம். ஆனால் நம் கிராமங்களில், ஒருவர் தெருவில் ஒருவர் நுழைய யோசித்த நாட்களில், எல்லோரும் ஒரே இருட்டில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் சிரித்த இடம் டூரிங் கொட்டகைதான். தரையில் மணலைக் குவித்து உட்கார்ந்தவனும் பெஞ்சில் உட்கார்ந்தவனும் ஒரே காட்சிக்குக் கண்ணீர் விட்டார்கள். காசில் வித்தியாசம் இருந்தது, கண்ணீரில் இல்லை. தனித்தனி வீட்டில், தனித்தனிக் கைப்பேசியில் பார்க்கிறபோது அந்தப் பொதுக் கண்ணீர் கிடைக்காது. ஆகையால்தான் இவ்வளவு ஆத்திரப்படுகிறேன். ஒரு விவசாயிக்கு ஒரு சாயங்காலம் வீணானது அல்ல விஷயம். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து உட்கார நமக்கு மிச்சம் இருக்கிற சில இடங்களில் ஒன்றை, பரிச்சயமானவர்கள் மட்டும் கூத்தடிக்கிற மன்றமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த கோடைக்கு முன்னால் படம் எடுக்கிறவர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, உங்கள் கதாநாயகனை இதுவரை பார்த்தே இராத ஒரு மனிதர் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். இரண்டாவது, அவர் பக்கத்தில் அவருடைய மனைவியும் மகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். திரையிலுள்ள பெண்களுக்கு ஏதாவது வேலை கொடுங்கள். மூன்றாவது, படம் முடிந்து வெளியே வருகிறபோது அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். மூன்று நாள் கழித்து அல்ல, அப்போதே.

அவர் வைகிறார் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். வைகிற வரையில் அவர் உங்கள் வாடிக்கைக்காரர். அடுத்த படத்துக்கும் பஸ் ஏறி வருவார். வாய்க்குப் பூட்டுப் போட்டால் அவர் உங்களோடு சண்டைக்கு நிற்கமாட்டார், கோர்ட்டுக்கும் போகமாட்டார். பேசாமல் வீட்டிலே இருந்துவிடுவார். அந்த மௌனத்துக்கு எதிராக எந்த நீதிமன்றத்தில் போய்த் தடை வாங்குவீர்கள்?